வெயிலில் தொங்கிய கயிறு

படகை இழுத்துப்போன பட்டம் அறுந்து கடலில் விழுந்துவிட்டது என்று ஹெப்ரான் கடைக்கு வந்து சொன்னதும், ஏரல் பஜாரில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் ஜாஸ்பர் குடித்த டீயைப் பாதியில் வைத்தார். கயிற்றைக் கொடுத்தவர் அவர்தான்.

கொடுத்த விதம் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷமாகக் கடை வாசலில் ஆள் கூப்பிடுவதற்காகத் தொங்கிய நைலான் சுருள் அது. பேரம் பேசுகிறவனுக்கு உள்ளேயிருந்து புதுச் சரக்கு, சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவனுக்கு வாசல் சரக்கு. பஜாரில் இதையெல்லாம் யாரும் பாவமாக நினைப்பதில்லை. ஹெப்ரான் தலையாட்டினான். ஜாஸ்பர் சுருளைப் பிரித்து, வெளுத்த சுற்றெல்லாம் நடுவில் போகும்படி திருப்பிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பட்டத்தை உள்ளே போன அந்த வெளுத்த முனையில் கட்டுவான் என்று யார் கண்டது?

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவன் ஹெப்ரான். பாய்மரத்துக்கு எட்டாத உயரத்தில் காற்று இன்னும் பலமாக அடிக்கும். அங்கே பெரிய பட்டம் ஒன்றை ஏற்றிப் படகின் முன்பக்கம் கட்டினால், பாயோடு சேர்ந்து அதுவும் இழுக்கும், டீசல் மிச்சம் என்பான். பட்டத்தை மூன்று மாதம் உட்கார்ந்து தைத்தவள் அவன் மனைவி டார்லின்.

"ஒங்க கயித்துல குறையில்ல அண்ணாச்சி. இவ பட்டத்துல கயிறு கட்டுத வளையத்தக் கோணலாத் தைச்சிருக்கா. அது ராவி ராவிக் கயித்த அறுத்துட்டு. புன்னைக்காயல் கரையில அத்தன பேர் முன்னால ஏசிப்புட்டேன். அன்னையிலேருந்து மெஷின்ல உக்கார மாட்டேங்கா. அடுத்தத வெளியத்தான் தைக்கக் குடுக்கணும். கயிறு ஒங்ககிட்டதான்."

டார்லின் வெளியே பைக் பக்கத்தில் நின்றாள். உள்ளே வரவில்லை. தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாஸ்பர் மனசாட்சியோடு பேரத்தை அடிமாட்டு விலையில் தொடங்கினார். "கயித்துலயும் கொஞ்சம் குறை இருக்கலாம்லே."

"சேச்சே."

கொஞ்சம் ஏற்றினார். "புதுக் கயிறு சும்மா தாரேன், கொண்டு போ."

"அதெல்லாம் வேண்டாம். நீங்க நியாயமான ஆளு."

அந்த வார்த்தை மீன் முள்ளாகக் குத்தியது. கடைசியில் முழு விலைக்கே ஏறினார். "லே, அது வெயில்ல இத்துப்போன கயிறு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

ஹெப்ரான் சிரித்தான். "எங்க சண்டையத் தீக்கப் பொய் சொல்லுதீங்க. ஒங்களுக்குப் பெரிய மனசு."

முப்பது வருஷமாகச் சொன்ன பொய்யையெல்லாம் நம்பிய ஊர், ஒரு உண்மையைச் சொன்னால் வாங்க மாட்டேன் என்கிறது. ஜாஸ்பர் ஹெப்ரானுக்கு அளந்து கொடுத்ததுபோக அந்தச் சுருளில் மிஞ்சிய துண்டை எடுத்துவந்து வாசல் தூணில் கட்டினார். காலை ஊன்றி ஒரே இழுப்பு. கயிறு பட்டென்று தெறித்தது. பஜாரே பார்க்க மல்லாந்து விழுந்தார். வேட்டியெல்லாம் இற்றுப்போன நைலானின் வெள்ளைத் தூள்.

டார்லின் உள்ளே வந்து, அறுந்த முனையை விரலால் பிரித்துப் பார்த்தாள்.

"அப்போ என் வளையம் நேராத்தான் இருந்திருக்கு."

ஹெப்ரான் வாய் திறந்தான். "ஒங்ககிட்ட வீட்டுல பேசுதேன்" என்று அடக்கிவிட்டாள்.

"தாயி, நல்ல கயிறா நூறு மீட்டர்..." என்று எழுந்தார் ஜாஸ்பர்.

"கயிறு கெடக்கட்டும் அண்ணாச்சி. அன்னைக்குக் கரையில நின்ன அம்புட்டுப் பேர்ட்டயும் வந்து இதச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு..."

"இப்பமே."

கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். புன்னைக்காயல் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் நின்று, ஜாஸ்பர் சுற்றி வளைக்காமல் சொன்னார். டார்லினை ஏசியது தன் தப்பு என்று ஹெப்ரானும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"யாவாரி வாயில நெசம் வருது. படகக் கட்டிப்போடுங்கவே, புயலு வரும்" என்றார் ஒருவர். கரையே சிரித்தது.

ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சித்திரையில நங்கூரத்துக்குன்னு எனக்கு ஒரு சுருள் குடுத்தீரே, அது எப்படி?"

ஜாஸ்பர் யோசித்துப் பார்த்தார். அந்தச் சுருள் வாசல் சரக்கா, உள்ளேயிருந்த புதுச் சரக்கா என்று எவ்வளவு தேடியும் ஞாபகத்தில் தட்டுப்படவில்லை.

"எடுத்துட்டு வாரும்" என்றார். "இழுத்துப் பாப்போம்."

அந்த ஆள் தன் படகை நோக்கி நடந்தார். அவர் திரும்பி வரும்வரை கரையில் யாரும் கலையவில்லை.