பூஜ்யம் இருந்தால்?

சொர்ணலதா தன் யோசனையை, தான் நிரல் எழுதும் கணினி மொழியின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதியது 2008 ஜூலையில். மதிப்பைச் சேமித்து வைக்கும் இடமான மாறி காலியாக இருந்தால் மட்டும் அதில் ஒரு மதிப்பைப் போட, அந்த மொழியில் மூன்று வரி எழுத வேண்டும். இரண்டு நெடுங்கோடு, ஒரு சமக்குறி என்று ஒரே சுருக்கக் குறியால் அதை முடித்துவிடலாம் என்றாள் அவள். வெறும் யோசனையை யார் மதிப்பார்கள் என்று, தன் கணினியிலிருந்த மொழியின் நிரலைத் திருத்தி அந்தக் குறியை இயங்கவும் வைத்தாள். உத்தமபாளையத்தில் ஒரு நர்சிங்ஹோமுக்கு அவள்தான் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் அங்கேயும் திருத்தத்தை ஏற்றிவிட்டு வந்து, 'ஒரு மருத்துவமனையில் இப்போதே பயன்பாட்டில் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

காலையில் முதல் பதில் வந்திருந்தது. யாரோ ஒருவர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: 'மாறியில் பூஜ்யம் இருந்தால்?'

அந்த மொழிக்குப் பூஜ்யமும் காலியும் ஒன்றுதான். நர்சிங்ஹோமில் தினமும் அச்சாகும் மருந்துத் தாள் அவளுக்கு நினைவுக்கு வந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் குறிக்காவிட்டால், நோயாளியின் வழக்கமான அளவு அச்சாக வேண்டும். அதற்குத்தான் அந்தக் குறியைப் போட்டிருந்தாள். மருந்தை நிறுத்த டாக்டர் பூஜ்யம் போட்டிருந்தாலும் இனி வழக்கமான அளவுதான் அச்சாகும்.

நர்சிங்ஹோமுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டியதுகூட நினைவில்லாமல் ஓடினாள். மெயின் ரோட்டில் கம்பம் பஸ் ஒன்று அவளை உரசுவதுபோல் போனது.

வார்டு வாசலில் நர்ஸ் சந்தனம்மாள் நின்றிருந்தாள். "என்ன மேடம், இப்படி ஓடியாறீக?"

"சிஸ்டர், இன்னைக்கு டாக்டர் யாருக்கு மருந்தை நிறுத்தச் சொன்னாக?"

"யாருக்கும் இல்லையே. தாள்ல இருந்தபடி எல்லாருக்கும் குடுத்தாச்சு."

"ஆபரேஷனுக்கு யாரு இருக்கா?"

"சுருளியாண்டி. குடலிறக்கம். நேத்து ராத்திரியிலருந்து வெறும் வயிறு."

"சுகர் உண்டா?"

சந்தனம்மாளின் முகம் மாறியது. "இருபது யூனிட் இன்சுலின் போட்டேன். ஆபரேஷனாச்சேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா கம்ப்யூட்டர்ல வந்துருக்கேன்னு..." முடிக்காமல் உள்ளே ஓடினாள்.

கட்டிலில் சுருளியாண்டியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் மனைவி சோணையம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கத்தி வைக்கப் போறாகன்னு பயம்மா இவருக்கு. வேர்த்துக் கொட்டுது, பேச்சும் குழறுது. என்னையவே யாருன்னு கேக்குறாரு."

விரலில் குத்திப் பார்த்தார்கள். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத சர்க்கரை, மீட்டரில் முப்பத்தெட்டு. சந்தனம்மாள் கூவிய கூவலில் டாக்டர் தியேட்டரிலிருந்து கையுறையோடு வந்தார். குளுக்கோஸ் ஏறியது. சொர்ணலதா சுவரோடு ஒட்டி நின்றாள். அந்த மனிதரின் இமைகளைத் தவிர வேறெதையும் அவளால் பார்க்க முடியவில்லை. 

மெல்ல இமை அசைந்தது. "சோணை, தண்ணி குடு" என்றார் சுருளியாண்டி.

சோணையம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள்.

டாக்டரிடம் சொர்ணலதா எதையும் மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. "பழசையே போட்டுருங்க. இப்பவே. நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றார். விசைப்பலகையில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். முடிந்ததும் பூஜ்யம் போட்டு அச்செடுத்துப் பார்த்தார்கள். பூஜ்யமே வந்தது.

வீட்டுக்கு வந்து, யோசனையைத் திரும்பப் பெறுவதாகவும், என்ன நடந்தது என்பதையும் குழுவுக்கு எழுத உட்கார்ந்தாள். அதற்குள் இன்னும் பல பதில்கள் குவிந்திருந்தன. பாராட்டுகள்தான் அதிகம். கடைசியில் ஒருவர் எழுதியிருந்தார்: 'அருமை. மருத்துவமனையிலேயே ஓடுகிறது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? உங்கள் திருத்தத்தை எங்கள் ஆலையில் இயந்திரங்களை ஓட்டும் கணினியில் ஏற்றிவிட்டோம்.'

எந்த ஊர், என்ன ஆலை என்று எதுவும் இல்லை. அவருக்குத் தனியாக எழுதினாள். உடனே எடுத்துவிடுங்கள் என்று அன்று மட்டும் பலமுறை எழுதினாள். குழுவிலும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

சுருளியாண்டி அடுத்த வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குப் போனார். ஆலைக்காரரிடமிருந்து பதில் வரவே இல்லை. எங்கோ ஓர் ஆலையில் ஏதோ விபத்து என்று டிவியில் செய்தி வந்தால், சொர்ணலதா செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்று கேட்பாள்.