கழுவினது போதாத அஸ்பால்டீன்

1
இந்தக் கதை பாகாலா ரயிலில் ஒட்டுக்கேட்டது. எதிர் சீட்டுப் பெண் போனில், “கழுவுனது போதல மேடம்” என்று சொல்லிவிட்டு அழுதாள். என்ன கழுவினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதும் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

2
‘ஓட்டலில் பாத்திரம் கழுவும் கேசியா அன்று…’ வேண்டாம். அவள் கழுத்தில் ஆராய்ச்சிக்கூட அட்டை தொங்கியது.

ஆகவே கேசியா, திருப்பதியில் பெட்ரோலிய ஆராய்ச்சி மாணவி. ஒரு கிணற்றின் எண்ணெய் எந்தப் பாறையில், எப்படி உருவானது என்பது அவள் கேள்வி. பாறையோ யாரும் துளை போடாத ஆழத்தில் கிடக்கிறது. ஆனால் அதன் கரிமப் பொருளில் ஒரு துணுக்கு எண்ணெயோடு ஏறி வந்துவிடும். அதுதான் அஸ்பால்டீன். பொடியாகப் பிரித்தெடுத்து, குழாயில் அடைத்துச் சுட்டால், பாறைக்குள் நடந்தது சின்ன அளவில் மறுபடி நடக்கும். [இது எனக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது, நீங்கள் கெட்டிக்காரர்கள்.] ஒரே நிபந்தனை: கரைப்பான் நிறமில்லாமல் சொட்டும்வரை பொடியைக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் அதில் ஒட்டிய கிணற்று எண்ணெயே முடிவில் கலந்துவிடும்.

3
சனிக்கிழமை. இன்னும் வெளிர் மஞ்சளாகத்தான் சொட்டியது. மறுநாள் சித்தூர் சபையில் அறுப்பின் பண்டிகை; தனிப்பாட்டு கேசியாவுடையது. அப்பா ஜெபதாஸ் போன் செய்தார்.

“கிளம்பிட்டியாம்மா? கொயர்ல எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க.”

“வந்துக்கினே இருக்கேன் நைனா.”

பொய். அப்போதுதான் கழுவுவதை நிறுத்தினாள். [சபையார் கோபிக்க வேண்டாம்; நன்றாகப் பாடினாள்.]

4
அடுத்த வாரச் சோதனையில் முடிவு கிணற்று எண்ணெயோடு அச்சு அசலாகப் பொருந்தியது. வழிகாட்டி ரோஹிணி பூரித்துப்போய்க் கருத்தரங்குக்கே எழுதிவிட்டார். கேசியா மிச்சப் பொடியை எடுத்தாள். உதிர வேண்டியது குப்பியில் பிசுபிசுவென்று ஒட்டியது. எண்ணெயை எண்ணெயோடே ஒப்பிட்டிருக்கிறாள்.

[அவளை வாய் திறக்காமல் விட்டு ஒரு வரைவு எழுதினேன். ரயிலில் கேட்ட குரல் அதை ஒப்பவில்லை.]

ஊருக்குப் போகும் வழியிலேயே ரோஹிணிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். எனக்குக் கேட்காத மறுமுனை இது:

“பொடி மிச்சம் உண்டா?”

“ஒரு தடவைக்குத்தான் இருக்குது மேடம். பொருந்தலன்னா என் தீசிஸே போச்சு.”

“பொருந்தலன்னா அதையே எழுது. கருத்தரங்குக்கு நான் சொல்லிக்கிறேன். திங்கக்கிழமை வா, சேந்தே கழுவலாம்.”

5
பொருந்தியது என்று ஒரு முடிவு எழுதினேன். பொருந்தவில்லை, வேறொரு பாறையைத் தேடிக் கிளம்பினாள் என்று இன்னொன்று. இரண்டும் நன்றாகவே இருந்தன, இரண்டையும் கிழித்தேன்.

திங்கட்கிழமை சொட்டு தண்ணீராகத் தெளிந்து விழுந்தது.

“போதுமே” என்றார் ரோஹிணி.

“இன்னொரு வாட்டி ஊத்திக்கிறேன் மேடம்.”

இப்போது குழாய் உலைக்குள் இருக்கிறது. திறந்து பார்ப்பதை உங்களிடம் விடுகிறேன். பாறை எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ள அவள் தயார்.