முன் சீட்டில் மாமனார்

பல் டாக்டருக்கு ஒரு வசதி உண்டு. அவர் என்ன சொன்னாலும் எதிரே இருப்பவர் மறுத்துப் பேச முடியாது. வாயில் பஞ்சும் குழாயும் இருக்கும்.

புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து நம் டாக்டர் அந்த வசதியைத் துளிக்கூட வீணாக்கவில்லை. "குடும்பத்துக்கான வண்டிதான் சார். ஆனா உள்ள ஒரு பந்தயக் குதிரை ஒளிஞ்சிருக்கு. வளைவுல ரோட்டை அப்படியே கவ்விக்கும். சீட் இருக்கே, உடம்பை அணைச்சுப் பிடிச்சுக்கும்" என்று கடைவாய்ப் பல்லைக் குடைந்தபடியே சொல்வார். நோயாளி "ஆ" என்பார். டாக்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

வீட்டில்தான் யார் வாயிலும் பஞ்சு இல்லை.

"இது காரா, பாயா? தரையோட தரையா கிடக்கு" என்றாள் மனைவி. அவள் கேட்டிருந்தது உயரமான வண்டி. "அப்பா எப்படி ஏறி இறங்குவார்? ஒரு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்னு ஷோரூம்ல சொன்னாங்கல்ல? ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அவருக்குச் சௌகரியம்னா வண்டி இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமை சாவியைக் குடுத்துட்டு, நான் சொன்ன வண்டியோட வாங்க."

ஆக, பந்தயக் குதிரையைக் கொண்டுபோய் மாமனாரின் முழங்காலில் கட்டியாயிற்று.

மாமனார் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். காலமெல்லாம் பையன்களை வெயிலில் உட்கார், எழுந்திரு என்று ஆட்டிவைத்தவர். எழுபதைத் தாண்டியும் தினமும் பஸ்கி எடுப்பதாகச் சொல்வார். எடுத்ததைப் பார்த்தவர் இல்லை. சொன்னதைக் கேட்காதவரும் இல்லை.

ஞாயிறு காலை அவர் காரில் ஏறினார். ஏறினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தார். சீட் அணைத்துப் பிடித்துக்கொண்டது.

பூங்கா வாசலில் டாக்டர் நிறுத்தினார். "இறங்கி ஒரு நடை போலாமா மாமா?"

"பூங்கால புதுசா என்ன இருக்கப்போகுது மாப்பிள்ளை? மரம்தானே. இங்கேருந்தே தெரியுது. வண்டியை விடுங்க."

காபிக் கடை வந்தது. "கூட்டமா இருக்கு. எனக்கு இங்கேயே வாங்கிட்டு வந்துடுங்க. பெரிய கப்பா."

டாக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளுக்கு இல்லாத ரசனை அப்பாவுக்கு இருக்கிறதே. இரண்டாவது ரவுண்டில், ஆளில்லாத சாலையில், ஸ்போர்ட் பட்டனைத் தட்டினார். இன்ஜின் உறுமியது. கார் முன்னால் பாய்ந்ததில் மாமனார் இன்னும் இரண்டு அங்குலம் உள்ளே போனார்.

"எப்படி மாமா?"

"ம்."

வாயில் பஞ்சு இல்லாமலே வந்த அந்த 'ம்', டாக்டருக்குத் தங்கப் பதக்கம்.

மூன்றாவது ரவுண்டில் பெரிய கப் தன் வேலையைக் காட்டியது. "மாப்பிள்ளை, அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க. அவசரம்."

நிறுத்தினார். கழிப்பறைக் கதவு நாலு எட்டில் இருந்தது. மாமனார் கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். அத்தோடு சரி.

"இறங்கலையா மாமா?"

மாமனார் வானத்தைப் பார்த்தார். "இறங்க முடிஞ்சா பூங்காவிலேயே இறங்கியிருக்க மாட்டேனா?"

டாக்டரின் தங்கப் பதக்கம் தகரமாகிவிட்டது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? ஊர்ப் பசங்களையெல்லாம் எழுந்திருன்னு அதட்டினவன், என்னால எழுந்திருக்க முடியலைன்னு மருமகன்கிட்ட சொல்லணுமா? பேச்சு அப்புறம். முதல்ல தூக்குங்க."

டாக்டர் கையைப் பிடித்து நேராக இழுத்தார். அசையவில்லை. அப்புறம்தான் தொழில் புத்தி விழித்தது. கெட்டிப் பல்லை யாரும் நேராக இழுப்பதில்லை. இப்படியும் அப்படியும் அசைத்து, பிடி தளர்ந்த பிறகுதான் எடுப்பார்கள். மாமனாரின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, இடமும் வலமுமாக அசைத்தார். "கொஞ்சம் அழுத்தம் தெரியும் மாமா. வலிக்காது" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவைத்தார்.

"நீங்க எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க" என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்த அசைவில் வேரோடு வந்தார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "மாப்பிள்ளை, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"வண்டி என்கிட்டயே இருந்தா, இதுவும் நமக்குள்ளயே இருக்கும் மாமா."

"பல் டாக்டர் புத்தி" என்றார் மாமனார். ஆனாலும் தலையாட்டினார்.

தெருமுனையிலேயே காரை நிறுத்தி, இரண்டாம் முறை பிடுங்கினார் டாக்டர். மாமனார் கையை வீசி நடந்தே வாசலுக்குப் போனார்.

"என்னப்பா, நடந்து வர்றீங்க?" என்றாள் காத்திருந்த மகள்.

"கொஞ்சம் நடக்கலாம்னு அங்கேயே இறங்கிட்டேன்மா. வண்டி அருமை. சௌகரியம்னா அப்படி ஒரு சௌகரியம்."

மகள் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தது. இரண்டு கக்கத்திலும் விரல் விரலாகக் கசங்கியிருந்தது. பிறகு, காரை விட்டு இடுப்பைப் பிடித்தபடி இறங்கிய கணவரைப் பார்த்தாள். வந்த சிரிப்பை மென்று விழுங்கினாள்.

"அப்போ வண்டி இருக்கட்டுங்க. அப்பா இனிமே பஸ்ல அலைய வேண்டாம். லைப்ரரி, கண் டாக்டர், சிநேகிதர் வீடுன்னு எங்க போகணும்னாலும் நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. சௌகரியம்னு அவரே சொல்றாரே."

மாமனாரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் வாயிலும் பஞ்சு இல்லை. ஆனாலும் பேச்சு வரவில்லை.

பந்தயக் குதிரை இப்போது தினமும் சாயங்காலம் லைப்ரரி வாசலில் நிற்கிறது. டாக்டரும் நோயாளிகளிடம் பேசுவதை விடவில்லை. "சீட் இருக்கே சார், உடம்பை அணைச்சுப் பிடிச்சுக்கும்" என்று சொல்வார். சொல்லிவிட்டு, கருவியைக் கீழே வைத்து, தன் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துவிட்டுக்கொள்வார்.