ஒரு நடை கூடுதலாக

குழியில் வெட்டிய கல்லைக் கைதிகள் மேட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் மதியத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட, புதிதாக வந்த சுமைக்காரர் மட்டும் தலையில் சும்மாடு வைத்து ஓட்டமும் நடையுமாக ஏறினார். வெளியே மூட்டைக்குக் கூலி வாங்கிப் பிழைத்தவர். இறக்கியதும் கையை நீட்ட வேண்டும், வாங்க வேண்டும், அடுத்த மூட்டைக்கு ஓட வேண்டும். அந்தக் கால்களுக்கு வேறென்ன தெரியும்?

சாயங்காலம் கடைசிக் கல்லை இறக்கிவிட்டுப் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். தலைமைக் காவலனும் சிரித்து, நீட்டிய கையில் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தான்.

கொட்டடியில் அவருக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரான தையற்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. யார் துணி கேட்டாலும் ‘நாளைக்கு வாங்க’ என்றே கடையை ஓட்டியவர். குழியிலும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தே பொழுதைத் தள்ளிவந்தார். உட்கார்ந்தே தைத்த உடம்பு, நாலடி ஏறினால் மூச்சு வாங்கும்.

“மெதுவாப் போங்கண்ணே. நீங்க ஓடுறதப் பாத்துக்கிட்டே இருக்காங்க.”

“சும்மா நின்னா எவன் சோறு போடுவான்?” என்றார் சுமைக்காரர்.

மறுநாள் காலையில் உத்தரவு வந்தது. சுமைக்காரர் சுமந்த அளவு எல்லோரும் சுமக்க வேண்டும். குறைந்தால் பாதி ரொட்டிதான். அதன்பிறகு அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெதுவாக நடந்து பார்த்தார். நேற்று ஓடினாயே என்று முதுகில் தடி விழுந்தது. பாவி நான், எல்லார் வயிற்றிலும் அடித்துவிட்டேனே என்று உள்ளுக்குள் வெந்தார்.

பாதி ரொட்டியிலேயே தையற்காரர் நாளுக்கு நாள் வற்றிப்போனார். ஒரு ராத்திரி சுமைக்காரர் தன் ரொட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி. சாப்பிடு.”

“தெரியும்ணே. இப்ப இறங்காது. நாளைக்கு வாங்கிக்கிறேன்.”

விடிந்தபோது தையற்காரர் எழுந்திருக்கவில்லை. பிணத்தைச் சுமைக்காரரே வேலிக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டுமென்றார்கள். தோளில் தூக்கினார், கனமே இல்லை. இந்த ஒரு நடையாவது மெதுவாகப் போக நினைத்தார். கால்கள் ஓடின.

திரும்பி வந்து நின்றதும் கை தானாக நீண்டது. தலைமைக் காவலன் இந்த முறை சிரிக்கவில்லை. தையற்காரருக்கென்று ஒதுக்கியிருந்த பாதி ரொட்டியை எடுத்து அதில் வைத்தான்.