ரதி வேஷக்காரன் அனுப்பிய இசை

கலாராணி முடிவெடுத்துவிட்டாள். அயர்லாந்தில் முதியோர் விடுதியொன்றில் சமையல் வேலை பார்க்கும் புருஷன் இளங்கோ, போன கிழமைதான் கேட்டிருந்தான்: "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. வச்சிரவா, வந்துரவா? நீயே சொல்லு." புது வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை. வேறென்ன சொல்வாள்? 'வச்சிருங்க, கூரைக்கு ஆச்சு' என்று காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழுத்தக்காரி, குரல் ஒரு தடவைகூடக் கம்மவில்லை.

ரொட்டிக்கு மா பிசையும்போதுதான் அவன் அனுப்பிய வீடியோ வந்தது. 'இந்த ஊர் இசையாம். சத்தமா வச்சுக் கேளு' என்று எழுதியிருந்தான். பெரிய ஸ்பீக்கரில் போட்டாள். ஐம்பது அறுபது பேர் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வயலின்கள் மூச்சு விடாமல் ஓடின. பின்னாலேயே ஒருத்தன் தோல் மேளத்தைக் குச்சியால் விளாசினான். அட, இது நம்ம தப்பு அடியல்லவா. மாவுக் கையோடு நின்றவளின் கால் தானாகத் தாளம் போட்டது. பாழாய்ப்போன கால்.

காமன்கூத்து நடக்கும் மாசி மாதத்தில் கலஹாத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தப்புச் சத்தம் கேட்டால் யார் வீட்டுக்குள் இருப்பார்கள்? அடுத்த வீட்டுப் பாப்பம்மா சேலையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "கூத்துக்குக் காமன் கம்பம் ஊண்டிட்டாங்களா புள்ள? ஒரு வார்த்த சொல்லலையே." காளிமுத்துப் பெரியவர் சூடமே கொண்டுவந்துவிட்டார்.

"இல்லக்கா, இது வெள்ளக்காரன் கூத்து" என்று கலாராணி சிரித்தாள்.

பாப்பம்மாவும் சிரித்தாள். "அதானே. ஒன் புருஷன் இல்லாம காமன்கூத்தா? ரதி வேஷம் கட்டி, எரிஞ்ச புருஷனுக்காக அவன் ஒப்பாரி வச்சா தோட்டமே அழுவுமே."

அந்த ரதிக்கு இவளுடைய சிவப்புச் சேலைதான். மூன்று மாசியாய் வேஷம் கட்டாமலே ரதியாக இருப்பவள் யார் என்று எவளாவது கேட்டாளா? கலாராணிக்கு அழுகை முட்டியது. அவன் வேண்டும். கூரை இல்லாவிட்டாலும் வேண்டும்.

அப்போதே அவன் அழைத்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன். கூரை கெடக்கட்டும். நீங்க வந்துருங்க."



"நேத்தே கையெழுத்து வச்சிட்டேன், கலா. ஆபீஸ்ல நிக்க வச்சுக் கேட்டாங்க. ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல. அதான் மொதல்ல அந்த வீடியோவ அனுப்புனேன்."

வாசலில் பாப்பம்மாவும் பெரியவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து பழகிய சொல் இப்போது தடங்கலில்லாமல் வந்தது.

"நல்லதுங்க. கூரைக்கு ஆச்சு."