பக்கத்து சீட்டில் ஒரு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பிரேக் வாத்தியாருக்கு அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தது அவருடைய வலது கால். பழகுபவருக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டெல்லாம் அழுத்தாது. ஆபத்து என்று மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருக்கும். அதன் தயவில் உயிர் பிழைத்த பூனைகளை எண்ணினால், ஊரில் ஓர் எலிகூட மிஞ்சியிருக்கக் கூடாது.

மச்சினன் வீட்டு விருந்தில் மதியமே ஊற்றிக்கொண்டதுதான் வினை. "நான் எங்கே ஓட்டப் போறேன்? நீதானே ஓட்டப் போறே" என்று, பழகுநர் லைசென்ஸ் வைத்திருந்த மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சாய்ந்தார். பழகுபவர் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஓட்டுநருக்குள்ள பொறுப்பு உண்டு என்று ஊருக்கே தொண்டை கிழியச் சொன்னவர், அன்று மட்டும் அதை விழுங்கிவிட்டார். வழியில் ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். வண்டி அவர் முழங்காலை முத்தமிடாத குறையாக நின்றது. வாத்தியார் ஊதிய ஊதலில் கருவிக்கே தலை சுற்றியது.

தண்டனை உறுதியானால் லைசென்ஸ் போகும். கற்றுக்கொடுக்கும் அனுமதி ஒரேயடியாகப் போகும். வேறு பிழைப்பு அவருக்குத் தெரியாது.

வக்கீல் அவரிடமே ஓட்டப் பழகியவன். "சார், நீங்க வெறும் பயணி. கால் பெடல் மேலயே இல்ல. அக்கா, நிறுத்தினது நீங்கதான். துணைக்கு ஆளில்லாம ஓட்டினதா உங்களுக்கு ஒரு சின்ன அபராதம், அவ்வளவுதான்."

"இவ நிறுத்தினாளா? பிரேக் எந்தப் பக்கம்னே இவளுக்குத் தெரியாதேடா!"

"தெரியும்னு சொல்லிட்டுப் போறேன்," என்றாள் மனைவி. "நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க."

வாயை மூடிக்கொண்டுதான் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி கூண்டில் ஏறினாள். என்ன நடந்தது என்று நீதிபதியம்மா கேட்டார்.

"வளைவுல திரும்பினேங்க. திடீர்னு போலீஸ்காரர் முன்னாடி வந்துட்டாரு. வண்டி நேரா அவர் மேலயே போகுது. ஐயோ, இதோ இடிக்கப் போறேன்..."

தொம்!

முன் பெஞ்சின் பலகை அதிர்ந்தது. மேஜையில் இருந்த வழக்குக் கட்டுகள் சரிந்தன. வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலர் எழுந்து சுவருக்கு சல்யூட் அடித்தார்.

"அது என்ன சத்தம்?" என்றார் நீதிபதியம்மா.

எல்லாக் கண்களும் அந்த வலது காலில் வந்து நின்றன. வாத்தியாரும் குனிந்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"அன்னைக்கும் அழுத்தினது இந்தக் கால்தானா?"

வக்கீல் மின்விசிறியைப் பார்த்தான். மனைவி வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அடுத்த பொய்யை அவள்தான் சத்தியம் செய்த வாயால் சொல்ல வேண்டும்.

"ஆமாங்கம்மா. நான்தான்."

தீர்ப்புக்கு அதற்குமேல் அதிக நேரம் பிடிக்கவில்லை.

வெளியே வெயிலில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் நின்றது. வழக்கம்போல மனைவி ஓட்டுநர் பக்கம் போனாள்.

"ஏறுங்க, போகலாம்."

"என்னை நம்பி நீ இனிமே ஓட்ட முடியாதும்மா. லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்துல இருக்கணும்."

அவள் திறந்த கதவை மூடினாள். பிறகு சாவியை வக்கீலிடம் நீட்டினாள். வாத்தியார் பழக்க தோஷத்தில் முன்கதவைத் திறந்தார்.

"சார்..." வக்கீல் தொண்டையைச் செருமினான். "முன்னாடி பெடல் இருக்கு. நீங்க பின்னாடி உக்காருங்க."

அந்த வண்டியில் அவர் ஒருநாளும் பின்னால் உட்கார்ந்ததில்லை. முதல் முக்கில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. வக்கீல் வழக்கம்போலத் தாமதித்தான். வாத்தியாரின் கால் பாய்ந்து, வெறும் தரைவிரிப்பை அழுத்தி அழுத்தித் தேடியது.