சீட்டுக்கு அடியில் நாலு போல்ட்

ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்துக்கான சனிக்கிழமை காலைப் பயிற்சி ஓட்டத்தில், மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்தபோது சீட் லேசாக அசைந்தது. அந்த வேகத்தில் ஓட்டுநரை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருப்பதே சீட்தான். அது ஆட்டம் கண்டால் மற்றதெல்லாம் இருந்தும் என்ன? வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினான்.

அணியின் மெக்கானிக் வேறு யாருமில்லை, அவனுடைய அண்ணிதான். கல்யாணமாகி வந்தபோது ஸ்பானர் பெட்டியோடு வந்தவள் என்று வீட்டில் இன்னமும் கேலி பேசுவார்கள். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

"அண்ணி, சீட் ஆடுது."

"உனக்கு மரை கழண்டாக்கூட சமாளிச்சுக்கலாம் தம்பி. சீட்டுக்குக் கழண்டா முடியாது" என்றபடி சீட்டைக் கழற்றி வெளியே வைத்தாள்.

வண்டியின் அடித்தளம் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தேன்கூடு மாதிரி அறைகள் வைத்துச் செய்தது. எடை குறைவு, ஆனால் போல்ட்டைப் பிடித்து நிற்கத் தெம்பில்லை. அதனால் நாலு இடத்தில் மரை போட்ட எஃகுக் குழல்களைச் செருகி, எபாக்ஸிப் பசை ஊற்றி இறுக வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றைக் குறடால் பிடித்து இழுத்தாள். பால்பல் மாதிரி கையோடு வந்தது.

"எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமலே ஒட்டியிருக்காங்க. நாலையும் எடுக்கணும்."

அணியின் மேனேஜர் பதறிப்போனார். "மத்த மூணும் கல்லு மாதிரி இருக்கேம்மா. ரெண்டு மணிக்குத் தகுதிச் சுற்று."

"நாலையும் ஒட்டினது ஒரே ஆள்தானே சார்?"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

ஓட்டுநர் ஒரு டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். துளைகளைச் சுற்றியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தாள். குழல்களின் பளபளப்புப் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்தாள். அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தாள். துணியில் துளி கறுப்புத் தெரிந்தாலும் மறுபடி துடைத்தாள். குழல்களைத் துளைகளில் செருகினாள். பசையின் இரண்டு பாகங்களையும் சின்னத் தராசில் நிறுத்துக் கலந்து, சுற்றியிருந்த இடைவெளியைக் காற்றுக்குமிழ் தங்காமல் ஊசிக்குழாயால் அடியிலிருந்து மேலாக நிரப்பினாள். இறுகிவிட்டதா என்று பதம் பார்க்க மிச்சத்தை ஒரு மூடியில் ஊற்றி, வண்டியோடு சேர்த்துச் சூட்டு விளக்கின் கீழ் வைத்தாள்.

ஒன்றரை மணிக்கு மேனேஜர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிடுச்சே."

அவள் நகத்தால் அழுத்தினாள். தடம் விழுந்தது. "மேல தோல்தான் கட்டியிருக்கு. இன்னிக்கு வண்டியை எடுக்க விடமாட்டேன்."

மேனேஜர் ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லுப்பா. தகுதிச் சுற்றுக்குப் போகலேன்னா நாளைக்குப் பந்தயத்துல கடைசி ஆளாத்தான் கிளம்பணும்."

காலையில் மூன்றாவது வேகமான ஆள் அவன். மனசு அடித்துக்கொண்டது. அண்ணியைப் பார்த்தான். அவள் கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. விளக்கை இன்னும் அரை அடி தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியிலேருந்தே கிளம்பறேன் சார்" என்றான்.

மறுநாள் மதியம் இருபத்திரண்டாவது ஆளாகக் கிளம்பியவன் பாதி ஓட்டத்தில் பத்தாவது இடத்துக்கு வந்திருந்தான். அப்போது முன்னால் போன வண்டி சுழன்று குறுக்கே நின்றது. அவன் பிரேக் போட, பின்னால் வந்தவன் முழு வேகத்தில் மோதினான். வண்டி பின்பக்கமாகவே போய் பழைய டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் அறைந்து நின்றது. பின்பாதி அப்பளமாக நொறுங்கிவிட்டது. சீட் இம்மியும் நகரவில்லை. அவன் தானே பெல்ட்டை அவிழ்த்து இறங்கி நடந்தான். டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, கழுத்துச் சுளுக்குத்தான் என்றார்.

அவன் ஷெட்டுக்கு வந்தபோது அண்ணி அடித்தளத்தின்மேல் குனிந்திருந்தாள். அலுமினியத் தகடே நெளிந்து மடங்கியிருந்தது. நாலு குழல்களும் வைத்த இடத்தில் இருந்தன. அவற்றைப் பார்க்கக் கழுத்தைச் சாய்த்தான்.

"கழுத்தைத் திருப்பாதே, போய் உக்காரு" என்றாள் அவள்.

மேனேஜர் குனிந்து ஒரு குழலை விரலால் அசைத்துப் பார்த்தார். பிறகு, "நம்ம மத்த ரெண்டு வண்டியையும் இதே மாதிரி பிரிச்சுப் பாத்துடுங்கம்மா. எவ்வளவு நேரம் வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

"மூணு நாள் சார்."

"எடுத்துக்கோங்க."